எறியும் கையைப் பார்த்துக்கொள்வது: திருகோணமலையில் பேஸ்போல் அணிக்கு உதவப் போகும் புதியவர்களுக்கு

பாடசாலையிலோ கழகத்திலோ பேஸ்போல் பழக்கத் தொடங்கியிருக்கிறார்கள், "அடிபட்டால் பார்க்க ஓராள் வேணும்" என்று உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் உடற்கல்வி ஆசிரியராக இருக்கலாம், முதலுதவி படித்த பழைய மாணவராக இருக்கலாம், உயர்தரம் எழுதிவிட்டு பிசியோதெரபி பக்கம் போக யோசிக்கிற பிள்ளையாகவும் இருக்கலாம். இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பேஸ்போலில் ஒரு பிள்ளையின் கையைக் கெடுக்கிற காயம் பெரும்பாலும் ஒரே நாளில் வருவதில்லை. வாரக்கணக்கில், எறிய எறியச் சேர்ந்துதான் வருகிறது. அதனால் உங்கள் வேலையில் முக்கால்வாசி எறிகிறதை எண்ணுவதும், கேட்பதும், தேவையான நேரத்தில் கோச்சிடம் போய் "இண்டைக்கு இவனுக்குப் போதும்" என்று சொல்வதும்தான். வலி வந்தபிறகு ஐஸ் வைக்க எல்லோருக்கும் தெரியும். வலிக்கு முன்னால் வரும் களைப்பைப் பிடிக்கத்தான் ஆள் தேவை.

இந்த வேலைக்குப் படிப்பு இருக்கிறதா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் அத்லெட்டிக் ட்ரெய்னர் என்பது தனித் தொழில். அவர்களுடைய தேசியச் சங்கம் 1950இல் தொடங்கியது, இப்போது அந்தத் தொழிலுக்குள் போக முதுகலைப் பட்டமும் அதன்பின் ஒரு சான்றிதழ்ப் பரீட்சையும் வேண்டும், தொழில்முறை பேஸ்போல் அணிகளில் வேலை செய்பவர்களுக்கென்றே 1983 முதல் தனிச் சங்கமும் இருக்கிறது. இங்கே அந்தப் பெயரில் ஒரு தொழில் இல்லை, ஆனால் வழி இல்லாமல் இல்லை. முதலில் முதலுதவிச் சான்றிதழ். செஞ்சிலுவைச் சங்கத்துக்குத் திருகோணமலையில் கிளை இருக்கிறது, சென் ஜோன் அம்புலன்ஸும் நாட்டில் வகுப்பு நடத்துகிறது. சீ.பி.ஆர்., அதாவது இதயம் நின்றால் நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி, கையால் செய்து பழகாத ஒருவர் மைதானத்தில் மருந்துப் பெட்டியோடு நிற்கக் கூடாது, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளைகளுக்கு கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் பிசியோதெரபிப் பட்டம் இருக்கிறது, சப்ரகமுவவில் விளையாட்டு விஞ்ஞானம் இருக்கிறது. தலையில் அடிபட்டு வரும் மூளை அதிர்ச்சி பற்றி இணையத்தில் இலவச வகுப்புகள் உண்டு, ஒரு ஞாயிறு மத்தியானத்தில் முடித்துவிடலாம்.

எறியும்போது கைக்குள் என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் மற்றது எதுவும் விளங்காது, அதனால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம். பேஸ்போல் பந்து 142 முதல் 149 கிராம்தான். "கிரிக்கெட் பந்தை விடப் பாரம் குறைவு, இதிலே என்ன வந்துவிடப் போகிறது" என்று பெற்றோர் கேட்பது இதனால்தான். பிரச்சினை பாரத்தில் இல்லை. கிரிக்கெட்டில் பந்து போடுபவர் முழங்கையை நீட்டியபடி போடுகிறார். பேஸ்போலில் அடிப்பவரை நோக்கி எறிகிற பிட்சர் முழங்கையை மடக்கி, முன்னங்கையைப் பின்னால் சாயவிட்டு, அங்கிருந்து சுண்டி எறிகிறார். அந்தச் சுண்டலில் தோள் உள்நோக்கிச் சுழலும் வேகம் வினாடிக்குக் கிட்டத்தட்ட 7,000 பாகை. மனித உடம்பு செய்யக்கூடிய மிக வேகமான அசைவுகளில் அது ஒன்று. கை பின்னால் சாய்ந்து முன்னால் வரத் தொடங்குகிற அந்த நொடிக்குள் முழங்கையின் உட்பக்கம் பிளந்துகொண்டு போகப் பார்க்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது உட்பக்கத்தில் இருக்கும் ஒரு சிறிய லிகமென்ட், அதாவது எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் நார்.

பெரியவர்களுக்கு அந்த நார்தான் கிழியும். 1974 செப்டெம்பரில் டொக்டர் ஃபிராங்க் ஜோப், அமெரிக்காவின் டொட்ஜர்ஸ் பேஸ்போல் அணியின் டொமி ஜோன் என்ற பிட்சருக்கு, உடம்பில் வேறொரு இடத்திலிருந்து தசைநாண் ஒன்றை எடுத்து அந்த இடத்தில் வைத்துக் கட்டினார். ஜோன் 1976இல் திரும்பி வந்து 1989 வரை விளையாடினார், தன் 288 வெற்றிகளில் 164ஐ அந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகுதான் எடுத்தார். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு "ஒப்பரேஷன் செய்தால் கை இன்னும் பலமாகும்" என்று நம்புகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை முதல் நாளே உடையுங்கள். ஒரு பிட்சர் அதிலிருந்து மீண்டு வர ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும், எல்லோரும் பழைய நிலைக்கு வருவதும் இல்லை.

சிறுவர்களுடைய கதை வேறு. 11 வயதுப் பிள்ளையின் முழங்கையில் அந்த நாரை விடப் பலவீனமான ஒன்று இருக்கிறது: நார் வந்து ஒட்டுகிற எலும்பின் வளரும் பகுதி, இன்னும் குருத்தாக இருப்பது. பெரியவருக்கு நார் கிழிகிற அதே இழுவையில் பிள்ளைக்கு அந்தக் குருத்து வீங்கும், விலகும், சில நேரம் எலும்பின் சிறு துண்டோடு பெயர்ந்தே வரும். அமெரிக்காவின் சிறுவர் பேஸ்போல் அமைப்பின் பெயரால் லிட்டில் லீக் முழங்கை என்று சொல்வது இதைத்தான். தோளிலும் இதேபோல் ஒன்று உண்டு. மேற்கை எலும்பின் தலைக்குக் கீழே இருக்கும் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு வளர்கிற குருத்துப் பகுதி, அகன்றுவிடும், 11க்கும் 16க்கும் இடையில்தான் அதிகம் பார்ப்போம். ஆகவே வளர்கிற பிள்ளை எறியும்போது முழங்கை உட்பக்கம் நோகிறது என்றால் அதை "தசைப்பிடிப்பு" என்று சொல்லித் தடவிவிடாதீர்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்வரை அது எலும்புக் காயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கொப்பி ஒன்று வாங்குங்கள்

மருந்துப் பெட்டிக்கு முன்னால் 80 பக்கக் கொப்பி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம்: பிறந்த திகதி, எந்தக் கையால் எறிகிறான், எந்த இடத்தில் விளையாடுகிறான், முன்பு என்ன காயம். அதற்குக் கீழே திகதி, எத்தனை எறிந்தான், எறிந்தபின் கை எப்படி இருக்கிறது என்று அவனே பத்துக்குக் கொடுத்த எண். இவ்வளவுதான்.

எத்தனை எறியலாம் என்பதற்கு அமெரிக்காவில் மேஜர் லீக் பேஸ்போலும் யூ.எஸ்.ஏ. பேஸ்போலும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் என்ற அளவுகோல் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆகக்கூடியது 9, 10 வயதில் 75 பந்து, 11, 12 வயதில் 85, 13 முதல் 16 வரை 95, 17, 18 வயதில் 105. ஆனால் இந்த எண்ணை விட ஓய்வு நாள்தான் முக்கியம். 14 வயதும் அதற்குக் கீழும் என்றால் 20 பந்துவரை அடுத்த நாளும் எறியலாம். 21 முதல் 35 வரை எறிந்தால் ஒரு நாள் ஓய்வு, 50 வரை இரண்டு நாள், 65 வரை மூன்று நாள், 65ஐத் தாண்டினால் நான்கு நாள். பிட்ச் பண்ணிவிட்டு அதே போட்டியில் கேட்சராக, அதாவது அடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவராக, போய் உட்காரக் கூடாது, கேட்சரும் பந்துக்குப் பந்து திருப்பி எறிந்துகொண்டேதான் இருக்கிறான்.

இந்த எண்களை அப்படியே எடுத்து ஒட்டினால் எங்கள் ஊரில் ஏமாந்துபோவோம். அங்கே ஒரு பிள்ளை பேஸ்போல் மட்டும் எறிகிறான் என்று வைத்துத்தான் அந்தக் கணக்கு. இங்கே கை பலமான ஒரு பெடியன் பாடசாலைக்குள் இருந்தால் எல்லோரும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஈட்டி எறிபவன் அவன், எல்லே அணியில் ஓடுகிறவனைக் குறிபார்த்து அடிப்பவன் அவன், சனி ஞாயிறு கடற்கரையில் மென்பந்து கிரிக்கெட் என்றால் எல்லைக்கோட்டிலிருந்து எறிகிறவனும் அவனே. உங்கள் கொப்பியில் செவ்வாய்க்கிழமை 40 பந்து என்று மட்டும் இருக்கும், அவனுடைய தோளில் அதைப்போல் மூன்று மடங்கு ஏறியிருக்கும். அதனால் திங்கட்கிழமை முதல் கேள்வி "சனி ஞாயிறு என்ன விளையாடினாய்?" என்பதாக இருக்கட்டும். கோபிக்காமல் கேளுங்கள், கோபித்தால் அடுத்த முறை சொல்ல மாட்டான்.

அலபாமாவில் இருக்கும் அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தின் ஆய்வுகளில் இரண்டை மனப்பாடமாக வைத்திருங்கள், கோச்சோடு பேசும்போது உதவும். வருடத்தில் 100 இன்னிங்ஸுக்கு மேல் (பேஸ்போலில் எதிரணியின் மூன்று பேர் ஆட்டமிழக்கும்வரை எறிவது ஒரு இன்னிங்ஸ்) பிட்ச் பண்ணிய சிறுவர்களுக்குப் பெரிய காயம் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட 3.5 மடங்கு. கை களைத்த பிறகும் வழக்கமாக எறிந்துகொண்டிருந்தவர்களுக்குச் சத்திரசிகிச்சைவரை போகும் வாய்ப்பு 36 மடங்கு. முப்பத்தாறு! நான் எண்ணை விடக் களைப்பைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

களைப்பு எப்படித் தெரியும்? பந்து உயரமாகப் போகத் தொடங்கும். எறியும்போது முழங்கை தோளுக்குக் கீழே இறங்கும். பந்துக்கும் பந்துக்கும் இடையில் நேரம் எடுப்பான், கையை உதறுவான், தோளைச் சுழற்றிப் பார்ப்பான். உடம்பு முன்னால் வளையாமல் நிமிர்ந்தே நிற்கும், கால் செய்ய வேண்டிய வேலையைக் கை செய்யும். "தம்பி, கை எப்படி?" என்றால் "ஒண்டுமில்லை சேர், கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்பான். அந்த "கொஞ்சம் இறுக்கம்" என்ற சொல்லைக் கேட்டால் அன்றைக்கு அவனுக்கு எறிதல் முடிந்தது. ஓடட்டும், அடிக்கப் பழகட்டும், எறிய வேண்டாம்.

வருடத்தில் குறைந்தது நான்கு மாதம் பிட்ச் பண்ணாமல் இருக்க வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாகத் தலைக்கு மேல் எறிகிற எதுவுமே கூடாது என்பது அதே அளவுகோலின் இன்னொரு விதி. எங்களுக்கு இதை இயற்கையே பாதி செய்து தருகிறது. கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்தால் மைதானத்தில் தண்ணி நிற்கும், எறிதல் தானாக நின்றுவிடும். அந்தக் காலத்தைக் கால், இடுப்பு, முதுகு பலப்படுத்த எடுத்துக்கொள்ளுங்கள். ஆபத்து அதற்குப் பிறகுதான் இருக்கிறது. தைமாதம் பாடசாலை திறந்து முதல் வாரமே முழு வேகத்தில் எறியவிட்டு, அதோடு ஈட்டியும் சேர்ந்தால், மாசிக்குள் இரண்டு பேராவது கையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். மழைவிட்டு முதல் மூன்று நான்கு வாரம் தூரத்தையும் எண்ணிக்கையையும் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும்.

கையைத் தொட்டுப் பார்ப்பது

பருவம் தொடங்கும்போது ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை, யாருக்காவது நொந்தால் உடனே. பெண்பிள்ளை என்றால் பக்கத்தில் மிஸ் ஒருவர் நிற்க வேண்டும், யாராக இருந்தாலும் "தொட்டுப் பார்க்கட்டுமா" என்று கேட்டுவிட்டுத் தொட வேண்டும்.

முழங்கையைப் பாதி மடக்கச் சொல்லுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கட்டும். உட்பக்கத்தில் குமிழ் மாதிரி ஓர் எலும்பு தட்டுப்படும். முதலில் எறியாத கையில் பெருவிரலால் மெதுவாக அழுத்தி, இது எப்படி இருக்கிறது என்று அவனுக்கே தெரியவையுங்கள். பிறகு எறியும் கையில் அதே இடம், அதே அழுத்தம். முகத்தைப் பாருங்கள், வாயைப் பார்க்காதீர்கள். பிள்ளைகள் "நோகேல்லை" என்பார்கள், ஆனால் புருவம் சுருங்கிவிடும். அந்தக் குமிழுக்குச் சற்றுக் கீழே அழுத்தினால் அங்கே நார். குமிழுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் நரம்பு ஓடுகிறது, அங்கே அழுத்த வேண்டாம், ஆனால் மோதிரவிரலும் சின்னவிரலும் விறைக்கிறதா என்று கேளுங்கள். பிறகு வெளிப்பக்கம். வெளிப்பக்க வலியும், கையை முழுதாக நீட்ட முடியாமல் போவதும், உள்ளே ஏதோ சிக்குகிற மாதிரி இருப்பதும் அசட்டை செய்யக்கூடிய விஷயமில்லை. அங்கே எலும்பின் மேற்பரப்பே கெட்டுப்போகத் தொடங்கியிருக்கலாம், தாமதிக்காமல் வைத்தியரிடம்.

தோளுக்கு, வாங்கில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். மேற்கை பக்கவாட்டில் நேராக, முழங்கை செங்கோணத்தில், விரல்கள் மேலே பார்க்கட்டும். முன்னங்கையைத் தலைப்பக்கம் சாய்த்தால் எவ்வளவு போகிறது, கால்பக்கம் சாய்த்தால் எவ்வளவு போகிறது என்று இரண்டு கைக்கும் பாருங்கள். தோள்பட்டையை ஒரு கையால் மெல்லப் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோளே எழும்பிப் பொய் சொல்லும். அளக்கக் கோணமானி இல்லையென்றால் போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் செயலி போதும். எறிபவனின் கை தலைப்பக்கம் கூடவும் கால்பக்கம் குறையவும் போகும், சிறுவயதிலிருந்து எறிகிறவர்களுக்கு எலும்பே அப்படி முறுகி வளர்கிறது, அது இயல்பு. இரண்டு அளவையும் கூட்டினால் இரண்டு கையும் ஏறக்குறையச் சமமாக வரவேண்டும். எறியும் கையின் கூட்டுத்தொகை குறைந்திருந்தாலோ, கால்பக்க அசைவு மற்றக் கையை விட 20 பாகை அளவுக்குக் குறைந்திருந்தாலோ, கொப்பியில் சிவப்பு மையால் எழுதி எறிதலைக் குறைத்து, பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டுங்கள்.

தோளையும் முழங்கையையும் மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். ஒற்றைக்காலில் நின்று மெல்ல இருக்கச் சொல்லுங்கள், முழங்கால் உள்ளே சரிகிறதா, இடுப்பு விழுகிறதா? எறிதலின் பலம் காலிலும் இடுப்பிலுமிருந்துதான் மேலே வருகிறது. கணுக்கால் சுளுக்கு ஆறாமல் எறிந்து, இரண்டு மாதத்தில் தோள்வலியோடு வந்து நிற்கும் பிள்ளைகளை நீங்களும் பார்ப்பீர்கள்.

நோகிறது என்றால்

எறிதலை நிறுத்துவதுதான் மருந்து. லிட்டில் லீக் முழங்கைக்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம், தோளின் வளர்ச்சித் தட்டு என்றால் மூன்று மாதம்வரை கூட. ஐஸ் வைக்கலாம், துணி சுற்றி 15, 20 நிமிடம், அது வலியைக் குறைக்கும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். சித்தாலேப பூசினால் சூடு தெரியும், வளர்ச்சித் தட்டு அதனால் ஆறாது. எண்ணெய் போட்டு இழுக்கிற முறிவு நெரிவு வைத்தியத்துக்குப் பெற்றோர் கூட்டிப்போக விரும்பினால் சண்டை பிடிக்காமல், "முதலில் எக்ஸ்ரே, பிறகு மற்றது" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பனடோல் கொடுத்து எறியவிடுவது மட்டும் எந்தச் சூழலிலும் வேண்டாம். வலிதான் அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே காவல்.

திரும்பி எறியத் தொடங்குவது தூரக் கணக்கில். மைதானத்தில் சுண்ணாம்பால் 14, 18, 27, 36 மீற்றர் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். 18 மீற்றர் ஏறக்குறையப் பிட்சருக்கும் அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் உள்ள தூரம், 27 மீற்றர் ஓடுகிறவர் தொட வேண்டிய ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்கு. 14 மீற்றரில் உடம்பைச் சூடாக்கி 25 எறி, சில நிமிட ஓய்வு, மறுபடி 25. ஒரு நாள்விட்டு ஒரு நாள். எறியும்போதும் மறுநாள் காலையிலும் நோகாவிட்டால் 75 எறி, அதுவும் சரி என்றால் அடுத்த கோடு. நொந்தால் ஒரு படி பின்னால். கடைசிக் கோட்டில் வலியில்லாமல் எறிந்தபிறகே பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து பிட்ச் பண்ணலாம். போட்டி நாள் நெருங்குகிறது என்று ஒரு படியைத் தாண்டச் சொல்லுவார்கள், தாண்டாதீர்கள்.

உடனே ஓட வேண்டியவை

நெஞ்சில் பந்து பட்டு ஒரு பிள்ளை ஓரிரு அடி வைத்து விழுந்தால், மூச்சுப்பிடிப்பு என்று நினைத்து நிற்க வேண்டாம். துடிப்பின் ஒரு குறித்த கணத்தில் அடி விழுந்தால் ஆரோக்கியமான இதயம்கூடக் குழம்பி நின்றுவிடும். பதில் இல்லை, மூச்சு ஒழுங்காக இல்லை என்றால் ஒருவர் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுக்க, நீங்கள் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120, 5 சென்ரிமீற்றர் ஆழம். ஏ.ஈ.டி. பெட்டி, அதாவது குழம்பிய இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி, பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று பருவம் தொடங்கும் முன்பே விசாரித்து வையுங்கள். ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

தலையில் பட்டால், சந்தேகம் என்றாலே வெளியே, அன்றைக்குத் திரும்பி உள்ளே இல்லை. சத்தி, கூடிக்கொண்டு போகும் தலையிடி, வலிப்பு, நித்திரை மயக்கம், கழுத்துவலி, கைகால் விறைப்பு என்றால் நேரே வைத்தியசாலை. ஒன்றும் இல்லாவிட்டாலும் இரண்டு நாள் ஓய்வு கொடுத்து, பிறகு படிப்படியாக, வைத்தியர் சொன்னபின்பே போட்டிக்கு.

விரல் நுனியில் பந்து பட்டு நுனி தொங்கிப்போய், தானாக நிமிர்த்த முடியாமல் இருந்தால் அது வெறும் வீக்கமில்லை, நிமிர்த்துகிற நாண் அறுந்திருக்கிறது. ஐஸ்பழக் குச்சி ஒன்றை வெட்டி விரலின் கீழ்ப்பக்கம் வைத்து நுனிமூட்டை நேராக்கி ஒட்டி, எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள். ஆறு முதல் எட்டு வாரம் அந்த நுனி ஒரு நிமிடம்கூட மடங்கக் கூடாது. கழுவும்போதும் விரலை மேசையில் நேராக வைத்தபடிதான் குச்சியைக் கழற்ற வேண்டும். இதை யாரும் சொல்லிக்கொடுக்காததால் நிரந்தரமாக வளைந்த விரலோடு திரிபவர்கள் கிரிக்கெட் விளையாடுகிற ஊர்களில் நிறையப் பேர்.

பிறகு வெயில். வைகாசியிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் பின்னேரம் நாலரைக்கு முன்னால் பழக்கத் தொடங்க வேண்டாம் என்பேன். காற்று வியர்வையை உடனே காயவைத்துவிடும், பிள்ளைக்குத் தான் காய்வது தெரியாது. கேட்சருக்குக் கவசம் வேறு. தண்ணியும், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணியும், நிறைய வியர்த்தவனுக்கு ஜீவனியும் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். உடம்பு கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, நடை தடுமாறுகிறது என்றால் 1990க்கு எடுத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் அந்த இடத்திலேயே குளிராக்க வேண்டும். தறப்பாள் ஒன்றில் படுக்கவைத்து நாலு பக்கமும் நாலு பேர் தூக்கிப் பிடித்து, ஐஸும் தண்ணியும் ஊற்றி அலசிக்கொண்டே இருங்கள், தலை தண்ணிக்கு மேலே. மீன்பிடிக்குப் போகிறவர்கள் ஐஸ் வாங்கும் இடத்திலேயே போட்டி நாளில் ஒரு ரெஜிபோம் பெட்டி நிறைய வாங்கி வைக்கலாம், பெரிய செலவில்லை.

கடைசியாக, பிள்ளையை வைத்தியசாலைக்கு அனுப்பும்போது சும்மா அனுப்பாமல் கொப்பியிலிருந்து அரைத் தாள் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வயது, எறியும் கை, எந்த இடம் நோகிறது, எறிதலின் எந்தக் கட்டத்தில் நோகிறது, எத்தனை வாரமாக, கடந்த நான்கு வாரம் வாரத்துக்கு எத்தனை எறிந்தான், வேறென்ன விளையாடுகிறான். "இது பேஸ்போல் பிட்சர், வளர்ச்சித் தட்டுக் காயமா என்று பார்த்துத் தாருங்கள், ஒப்பிட இரண்டு முழங்கையையும் எக்ஸ்ரே எடுக்கலாமா" என்று ஒரு வரி சேருங்கள். கூட்டம் நிறைந்த கிளினிக்கில் பேஸ்போலைப் பார்த்தேயிராத ஒரு வைத்தியருக்கு அந்த அரைத் தாள் மிகவும் உதவும். கீழே உங்கள் பெயரும் போன் நம்பரும் எழுதி, பதில் எழுதிவிடக் கொஞ்சம் இடமும் விடுங்கள். பதில் வந்ததும் அதைக் கொப்பியில் அவனுடைய பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.